சமாரியனின் பணமும் சத்திரக்காரனின் கணக்கும்

நல்ல சமாரியனிடம் நல்ல எண்ணம் மட்டும் இருந்திருந்தால் அவனை இன்று யார் நினைவில் வைத்திருப்பார்கள், அவனிடம் பணமும் இருந்ததல்லவா என்ற பொருள்பட, 1980 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் மார்கிரட் தட்சர் கூறினார். அவர் பிரித்தானியாவின் பிரதமராகி அப்போது எட்டு மாதங்களே ஆகியிருந்தன. கேள்வி கேட்டவர் பிறையன் வோல்டன், முன்னாள் தொழிற்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர். தட்சரின் எதிரிகள் அதை ஒரு பகிடியாக எடுத்துக்கொண்டார்கள். ஆதரவாளர்கள் ஒரு பழமொழியாக்கினார்கள். அந்தப் பழமொழி இப்போது எங்கள் தமிழ்ச் சபைகள் வரை வந்து சேர்ந்துவிட்டது என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

என் பார்வையில் அது பகிடியுமல்ல, பழமொழியுமல்ல. அது ஒரு வாசிப்பு. ஒரு பிரதியில் எதை எடுத்து எதை விட்டுவிட்டு வாசிக்கிறோம் என்பதில் வாசிப்பவர் நிற்கும் இடம் தெரிந்துவிடும் என்று ஊரில் பல வருடங்கள் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இப்போது இலண்டனுக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் இரவில் பெல்ற்றின் முன்னால் நின்று பெட்டிக்குள் சான்ட்விச் அடுக்குகிறேன். நிற்கும் இடம் மாறியபின் இந்த உவமையை மறுபடி வாசிக்க நேர்ந்தது. தட்சரின் வாசிப்பில் எவ்வளவு விடுபட்டிருக்கிறது என்பது அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் விபரங்களை ஒருமுறை அடுக்கிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் லூக்கா விபரங்களில் கஞ்சத்தனம் காட்டாத எழுத்தாளன். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் பாதை. இருபத்தைந்து கிலோமீற்றர் சொச்சத்தில் ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் இறங்கும் வனாந்தரப் பாதை அது. ஒருவனைக் கள்ளர் அடித்து உரிந்துவிட்டுப் போகிறார்கள். ஆசாரியன் பார்த்துவிட்டு விலகிப் போகிறான், லேவியனும் அப்படியே. மூன்றாவதாக வருபவன் சமாரியன். யூதர்கள் ஒரு கோப்பையில் தண்ணீர் குடிக்கவும் கூசிய இனத்தவன். அவன் கிட்டப் போகிறான், காயங்களுக்கு எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டுகிறான், தன் வாகனத்தில் ஏற்றுகிறான். (அப்படியானால் மிச்சத் தூரம் அவன் நடந்துதான் போயிருக்க வேண்டும். இதைப் பிரசங்கத்தில் யாரும் சொல்வதில்லை.) சத்திரத்தில் இரவு முழுவதும் பராமரிக்கிறான். மறுநாள் போகும்போதுதான் பணம் என்ற பேச்சே வருகிறது.

எவ்வளவு பணம்? இரண்டு வெள்ளிக்காசு. மத்தேயு சொல்லும் திராட்சைத் தோட்ட உவமையில் ஒரு கூலியாளின் ஒரு நாட்சம்பளம் ஒரு காசு. ஆக, சமாரியன் எடுத்துக் கொடுத்தது இரண்டு நாட்கூலி. என்னைப் போன்ற ஒருவன் வியாழனும் வெள்ளியும் செய்த வேலைக்கு வாங்கும் பணம். இதற்கு ஒருவன் முதலாளியாக இருக்கத் தேவையில்லை. 'அவனிடம் பணமும் இருந்தது' என்பது சொல்லளவில் பிழையில்லை. ஆனால் செல்வந்தன் ஒருவனின் கதையாக அது மாற்றப்படும்போது, கதைக்குள் இல்லாத ஒரு ஆள் கதைக்குள் வந்துவிடுகிறான். லூக்காவில் செல்வந்தன் வேறு கதைகளில் வருகிறான். அவன் வாசலில் லாசரு என்ற ஏழை பருக்களோடு கிடக்கிறான். அந்தக் கதையின் முடிவு செல்வந்தனுக்கு நல்லதாக இல்லை.

இரண்டு காசுக்குப் பிறகு சமாரியன் சொல்லும் வார்த்தைதான் இந்த உவமையின் பொருளாதாரம். இதற்கு மேல் என்ன செலவானாலும் செய், நான் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சத்திரக்காரனிடம் சொல்கிறான். தொகைக்கு உச்சவரம்பு இல்லை. அடிபட்டவன் யார், எதற்காக இந்த நேரத்தில் இந்த வழியால் வந்தான், அவனுக்குச் சொந்தக்காரர் இல்லையா, உழைக்கக் கூடியவனா என்ற விசாரணை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் கடனாகக் கொடுக்கவில்லை. கடன்பட்டவன் சமாரியன், சத்திரக்காரனுக்கு. காயம்பட்டவன் யாருக்கும் ஒரு சதமும் கடன்பட்டவனாக அந்தச் சத்திரத்தை விட்டு வெளியேறவில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1988 ஏப்ரலில் தட்சர் அரசு செய்தது நேர் எதிரானது. அதுவரை வறியவர்கள் கட்டில், படுக்கை விரிப்பு, அடுப்பு போன்றவற்றுக்கு அரசிடமிருந்து உதவித் தொகையாகப் பெற்றுவந்தவை, 'சமூக நிதியம்' என்ற புதிய ஏற்பாட்டில் பெரும்பாலும் கடனாக மாற்றப்பட்டன. கடன் வாராந்தக் கொடுப்பனவிலிருந்து கழிக்கப்பட்டது. ஒவ்வொரு அலுவலகத்துக்கும் வருட நிதி வரையறை. அது தீர்ந்தால் கைவிரிப்பு. திருப்பிக் கட்ட இயலாத அளவுக்கு ஒருவர் ஏழையாக இருந்தால், அந்தக் காரணத்துக்காகவே கடன் மறுக்கப்படவும் இடமிருந்தது. காயம் பெரிதாக இருப்பதால் சத்திரத்தில் இடமில்லை என்பது போன்ற ஒரு விதி! அதற்கு முந்தைய மாதம், மார்ச் 1988 வரவுசெலவுத் திட்டத்தில், நிதியமைச்சர் நைஜல் லோசன் அதிகூடிய வருமான வரி வீதத்தை 60 இலிருந்து 40 ஆகக் குறைத்திருந்தார்.

இந்த இரண்டும் நடந்த கையோடுதான், 1988 மே 21 அன்று, தட்சர் எடின்பரோவில் ஸ்கொட்லாந்துத் திருச்சபையின் பொதுச்சபையில் உரையாற்றினார். (நான் அப்போது யாழ்ப்பாணத்தில் மாணவன். இந்திய இராணுவம் சந்திக்குச் சந்தி நின்ற காலம். எடின்பரோ எங்கே இருக்கிறது என்ற கவலை எங்களுக்கு இருக்கவில்லை.) சபை மண்டபம் இருக்கும் மேட்டின் பெயரையும் இயேசுவின் மலைப்பிரசங்கத்தையும் சேர்த்து ஆங்கிலத்தில் ஒரு சிலேடையாக அந்த உரைக்குப் பத்திரிகைகள் பெயர் வைத்தன. நமக்கு வசதிக்கு 'மேட்டுப் பிரசங்கம்' என்று வைத்துக்கொள்வோம். முடிவில் சபையின் தலைவர் ஜேம்ஸ் வைட் பிரதமருக்கு மரியாதையாக இரண்டு அறிக்கைகளைக் கையளித்தார். ஒன்று ஸ்கொட்லாந்து மக்களின் வீட்டுவசதி பற்றியது. மற்றது செல்வமும் வருமானமும் அரச உதவிகளும் எப்படி நீதியாகப் பகிரப்பட வேண்டும் என்பது பற்றியது. நான் அறிந்த மறுமொழிகளில் மிக நாகரிகமானது இதுதான்.

உரையைக் கவனமாக வாசித்தால் அது முட்டாள்தனமானதல்ல என்பது தெரியும். தட்சரை வாயால் வைது தீர்த்துவிட்டு நகரும் நம் நண்பர்கள் பலர் அதை வாசித்ததில்லை. கிறிஸ்தவம் முதலில் ஆத்தும மீட்பு பற்றியது, சமூகச் சீர்திருத்தம் பற்றியதல்ல என்கிறார். ஒவ்வொருவருக்கும் நன்மை தீமையைத் தெரிந்தெடுக்கும் உரிமை இருக்கிறது என்கிறார். செல்வம் சேர்ப்பது பிழையல்ல, பணத்துக்காகவே பணத்தை நேசிப்பதுதான் பிழை என்கிறார். வெள்ளைக்கல் பரணியில் விலையுயர்ந்த தைலம் கொண்டுவந்த பெண்ணையும் நினைவுபடுத்துகிறார். இவற்றில் பலவற்றை எந்த ஆயரும் சொல்லக்கூடும். ஆனால் ஏழை என்ற ஆள் அந்த உரையில் எப்போது வருகிறான் என்று பார்க்க வேண்டும். உதவி பெறுபவனாக வருகிறான், தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கக்கூடிய சந்தேகத்துக்குரியவனாக வருகிறான். பேசுபவனாக ஒரு இடத்திலும் வரவில்லை.

தைலம் கொண்டுவந்த பெண்ணின் கதையிலிருந்து பிறக்கும் இன்னொரு பழமொழியையும் இங்கே தொட்டுச் செல்கிறேன். தரித்திரர் எப்போதும் உங்களிடத்தில் இருப்பார்கள் என்று இயேசு சொன்னதை, வறுமையை ஒழிக்க முடியாது என்பதற்கு அத்தாட்சியாக மேடைதோறும் இழுக்கிறார்கள். அந்த வார்த்தை உபாகமம் பதினைந்தாம் அதிகாரத்தின் எதிரொலி. அங்கே அந்த வாக்கியம் முடியவில்லை. தரித்திரர் இல்லாமற் போகமாட்டார்கள், ஆகையால் கையைத் தாராளமாகத் திற என்று கட்டளையாகத் தொடர்கிறது. அதே அதிகாரம் ஏழாம் வருடத்தில் கடன்களை விட்டுவிடவும் சொல்கிறது. பாதி வாக்கியத்தோடு நிறுத்துவது எங்கள் பரீட்சைத் தாளில் புள்ளி வெட்டும் குற்றம்.

மேட்டுப் பிரசங்கத்தில் அதிகம் அடிபட்டது பவுலின் வசனம். வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் வேண்டாம் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் வருவது. இந்த வசனத்துக்கு ஒரு விசித்திரமான வரலாறு இருக்கிறது. 1918 இன் சோவியத் அரசியலமைப்பில் இது கொள்கையாக எழுதப்பட்டது. 1936 இல் ஸ்டாலினின் அரசியலமைப்பின் பன்னிரண்டாம் உறுப்புரையிலும் இடம்பிடித்தது. தட்சரும் ஸ்டாலினும் ஒரே வசனத்தில் கைகோர்த்து நிற்பதைக் கண்டு எங்கள் மார்க்சிய நண்பர்களும் சபை மூப்பர்களும் ஒருசேரச் சங்கடப்படலாம். ஒரு வித்தியாசம் உண்டு. லெனின் இதைச் சொன்னபோது அவர் மனதில் இருந்தவர்கள் வட்டியிலும் வாடகையிலும் வாழ்ந்தவர்கள். எடின்பரோவில் சொல்லப்பட்டபோது அந்த வசனம் வாடகை வாங்குபவர்களைப் பார்த்துப் பேசவில்லை.

பவுல் அதை யாருக்கு எழுதினார்? ஒரே பந்தியில் உணவைப் பகிர்ந்துகொண்ட ஒரு சிறு கூட்டத்துக்கு. கூடாரம் தைத்துப் பிழைத்த ஒரு கைத்தொழிலாளி, நானும் இரவும் பகலும் பாடுபட்டேன், யாருக்கும் பாரமாக இருக்கவில்லை என்று சொல்லிவிட்டு எழுதியது. கை காய்த்தவன் தன் கூட்டத்துக்குள் சொல்லும் சொல் அது. அதை எடுத்து ஒரு பிரதமர் இலட்சக்கணக்கானவர்களுக்கு வேலை இல்லாதிருந்த ஒரு நாட்டில், மூடப்பட்ட சுரங்கங்களுக்கும் கப்பல் தளங்களுக்கும் நடுவில் நின்று சொன்னால் சொல் அதேதான், பொருள் வேறு. 'மனதில்லாதவன்' என்பது 'இல்லாதவன்' ஆகிவிடுகிறது. திராட்சைத் தோட்ட உவமையில் மாலை ஐந்து மணிக்கும் சந்தையில் நிற்பவர்களிடம் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன பதில், எங்களை ஒருவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்பதுதான். அந்தத் தோட்டக்காரன் அதை நம்பினான். முழு நாட்கூலியும் கொடுத்தான்.

எங்கள் தொழிற்சாலையில் பாதிப் பேருக்கு மேல் ஏஜென்சி மூலம் வருபவர்கள். இன்றிரவு வேலை உண்டா இல்லையா என்பது பின்னேரம் தொலைபேசிக்கு வரும் ஒரு வரியில்தான் தெரியும். வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. சில கிழமைகளில் ஐந்து இரவு, சில கிழமைகளில் ஒன்று. என்னோடு நிற்கும் ஒரு பெண், எங்கள் ஊர்ப் பக்கத்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய், காலை ஆறு மணிக்கு வேலை முடிந்து நேரே ஒரு தேவாலய மண்டபத்துக்குப் போய் உணவுப் பொதிக்காகக் கதவு திறக்கும்வரை நிற்பார். உணவைப் பெட்டியில் அடுக்குபவர் உணவுக்கு வரிசையில் நிற்கிறார். தெசலோனிக்கேயர் நிருபத்தை இவரிடம் யார் போய் வாசிப்பது?

*

தட்சர் நேர்மையற்றவர், வாக்குக்காக வேதாகமத்தைத் தூக்கியவர் என்று சொல்லிவிட்டால் இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் அது உண்மையல்ல. கிரந்தம் என்ற சிற்றூரில் பலசரக்குக் கடை வைத்திருந்த அவரது தகப்பன் அல்பிரட் றொபேட்ஸ் மெதடிஸ்ற் சபையில் பிரசங்கம் செய்த ஒரு சாதாரண விசுவாசி. மகள் ஞாயிறுதோறும் கோவிலில் வளர்ந்தவர். தான் சொன்னதை அவர் நம்பினார் என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் வெளிவேடம் எங்கே? நமது பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் வரும் சொல் 'மாயக்காரர்'. மூலக் கிரேக்கச் சொல்லுக்கு மேடை நடிகன் என்று பொருள். நடிகன் பொய் சொல்பவன் அல்ல. பாத்திரத்தோடு ஒன்றிப்போனால்தான் அவன் நல்ல நடிகன். தனக்கென்று எழுதப்பட்ட கட்டளையை மற்றவனுக்கு எழுதப்பட்டதாக மாற்றி, அதை முழு விசுவாசத்தோடு உரத்து வாசிப்பதும் நடிப்புத்தான். ஏழைக்குச் சொன்ன கட்டளைகள் வேதாகமத்தில் மிகக் குறைவு. இருப்பவனுக்குச் சொன்னவை பக்கம் பக்கமாக இருக்கின்றன. அரசியல்வாதியின் கை தேடிப்போய் நிற்பது அந்தக் குறைவானதில்.

மெதடிஸ்ற் இயக்கத்தைத் தொடக்கிய ஜோன் வெஸ்லியையே பாருங்கள். நேர்மையாக உழை, சேமி, கொடு என்ற அவரது மூன்று விதிகளில் முதலிரண்டையும் கடைக்காரர்கள் விரும்பிப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது இல்லாவிட்டால் முதலிரண்டும் நரகத்துக்கு வழி என்பதுதான் அவரது நிலைப்பாடு. 1787 இல் வெளியான ஒரு பிரசங்கத்தில் ஒக்ஸ்போர்ட் மெதடிஸ்ற் ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். வருட வருமானம் 30 பவுண் இருந்தபோது 28 இல் வாழ்ந்து 2 பவுணைக் கொடுத்தாராம். அடுத்த வருடம் 60 கிடைத்தது. அப்போதும் 28 இல் வாழ்ந்து 32 ஐக் கொடுத்தார். அந்த ஒருவர் வெஸ்லியேதான் என்பது அவரது வரலாற்றை எழுதியவர்களின் கருத்து.

அதைவிட முக்கியமானது 1753 பெப்ரவரியில் வெஸ்லி தன் நாட்குறிப்பில் எழுதியது. இலண்டனின் நிலவறைகளுக்கும் கூரையடி அறைகளுக்கும் போய்ப் பசியிலும் குளிரிலும் கிடந்தவர்களைப் பார்த்தார். அறைக்குள் தவழ்ந்து திரியக்கூடிய ஒருவரைக்கூட வேலையில்லாமல் காணவில்லை என்று எழுதினார். சோம்பேறிகள் என்பதால்தான் ஏழைகளாக இருக்கிறார்கள் என்ற பேச்சைப் பிசாசுத்தனமான பொய் என்று கண்டித்தார். மெதடிஸ்ற் வீட்டில் பிறந்த பிரதமர் பவுலைத் தேடி எடுத்த அதே அலுமாரியில் இதுவும் இருந்தது.

*

உவமையை ஆரம்பித்து வைக்கும் கேள்வி பணம் பற்றியதல்ல. ஒரு நியாயசாஸ்திரி, எனக்கு அயலான் யார் என்று கேட்கிறான். எல்லை எங்கே என்பதே அவனுக்குத் தெரிய வேண்டியது. யாருக்குச் செய்தால் போதும், யாரை விட்டால் குற்றமில்லை? இயேசு அதற்குப் பதில் சொல்லாமல் கேள்வியைத் திருப்பிவிடுகிறார். அடிபட்டவனுக்கு அயலானாக நடந்துகொண்டவன் யார் என்பது அவரது கேள்வி. இந்த இடத்தில்தான் இந்தக் கதை எங்கள் கதையோடு வந்து முட்டுகிறது.

1985 இல் பிரித்தானியா இலங்கையருக்கு விசாக் கட்டாயத்தைக் கொண்டுவந்தது. பொதுநலவாய நாடொன்றின் பிரசைகளுக்கு அப்படிச் செய்தது அதுவே முதற்தடவை. 83 ஆடிக்குப் பின் ஓடிவந்தவர்களை மறிக்கத்தான் அது என்பதில் ஒளிவுமறைவு இருக்கவில்லை. 1987 பெப்ரவரியில் திருப்பியனுப்பப்படவிருந்த தமிழர்கள் ஹீத்ரோவில் உடைகளைக் களைந்து நின்று மறுத்தார்கள். அதே வருடம் வந்த சட்டம், உரிய பத்திரமில்லாத பயணியைக் கொண்டுவரும் விமான நிறுவனத்துக்குத் தலைக்கு 1000 பவுண் தண்டம் விதித்தது. சமாரியனின் வாகனத்துக்குத் தண்டம் என்று வாசிக்கலாம்.

வீராஜ் மெண்டிசை இன்றைய இளைஞர்களுக்குத் தெரிந்திராது. 1973 இல் மாணவராக வந்த சிங்களவர், கம்யூனிஸ்ட், தமிழரின் உரிமைக்காகப் பகிரங்கமாகப் பேசியவர். தமிழருக்காகப் பேசியதால் இலங்கைக்கு அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்று அடைக்கலம் கேட்டார். மறுத்தார்கள். 1986 டிசம்பரில் மன்செஸ்டரின் வறிய பகுதியான ஹியூமில் உள்ள ஒரு அங்கிலிக்கன் தேவாலயத்துக்குள் புகுந்தார். பங்குக் குருவானவர் ஜோன் மெதுவன் அவரை இரண்டு வருடங்களுக்கு மேல் உள்ளே வைத்திருந்தார். 1989 ஜனவரி 18 அதிகாலை பொலிசார் தேவாலயத்தை உடைத்துக்கொண்டு போய் அவரைப் பிடித்தார்கள். இரண்டு நாளில் கொழும்புக்கு ஏற்றப்பட்டார். எடின்பரோ மேட்டில் தெரிந்தெடுக்கும் உரிமை பற்றிப் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. பின்னர் அவருக்கு இடம் கொடுத்தது ஜேர்மனியின் பிறேமன் நகரம். கடைசிவரை அங்கிருந்து ஈழத்தமிழருக்காக வேலை செய்து 2024 இல் மறைந்தார். இனத்தால் எதிரி எனப்படுபவன் வழியில் நின்றான் என்ற உவமையின் மையம் எங்கள் வரலாற்றில் இவ்வளவு அப்பட்டமாக நடந்திருக்கிறது. அதை எங்கள் பிரசங்கிகள் ஒருவரும் எடுத்தாளாதது எனக்குப் புதிராகவே இருக்கிறது.

அந்த நியாயசாஸ்திரியின் கேள்வி ஓய்ந்துவிடவில்லை. 2025 இன் தொடக்கத்தில் அமெரிக்க உப ஜனாதிபதி வான்ஸ், முதலில் குடும்பம், பிறகு அயலவர், பிறகு நாடு, அதன்பிறகே மற்றவர்கள் என்ற அன்பின் வரிசையைக் கிறிஸ்தவப் போதனையாக முன்வைத்தார். பெப்ரவரி 10 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில், உண்மையான வரிசை எதுவென்று அறிய நல்ல சமாரியனின் உவமையைத் தியானிக்கச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து அவர் இறந்துபோனார்.

இதெல்லாம் வலதுசாரிகளின் நோய் என்று யாரும் நிம்மதிப்பட வேண்டாம். ரோனி பிளேயர் தன் கிறிஸ்தவ விசுவாசத்தை மறைத்தவரல்ல. அவரது தொழிற்கட்சி அரசு 2000 ஏப்ரலில் அகதி விண்ணப்பதாரிகளுக்குக் காசுக்குப் பதிலாகக் கூப்பன் கொடுத்தது. ஐந்து பவுண் கூப்பனுக்கு நாலரைப் பவுணுக்குச் சாமான் வாங்கினால் மிச்சம் கடைக்காரனுக்கு! மிச்சக்காசு கொடுக்கக்கூடாது என்பது ஏற்பாடு. அதை அனுபவித்தவர்கள் இந்தச் சஞ்சிகையின் வாசகர்களிலேயே பலர் இருப்பீர்கள். எதிர்ப்பு வலுத்து 2002 இல்தான் அது ஒழிந்தது.

பிறகு உணவு வங்கிகளின் காலம். சோல்ஸ்பரியில் 1997 இல் ஒரு கிறிஸ்தவத் தம்பதியர் தொடங்கிய ட்ரஸல் அமைப்பின் கிளைகள் 2010-11 இல் ஏறத்தாழ 61,000 பேருக்கு மூன்று நாள் உணவு கொடுத்தன. 2023-24 இல் கொடுத்த பொதிகள் 31 இலட்சத்துக்கு மேல். 2014 பெப்ரவரியில் 27 அங்கிலிக்கன் ஆயர்கள் பசி பற்றிப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். ஏப்ரலில் பிரதமர் கமரன் ஒரு திருச்சபைப் பத்திரிகையில், பிரித்தானியா ஒரு கிறிஸ்தவ நாடு என்பதில் நாம் இன்னும் தன்னம்பிக்கையோடு இருக்க வேண்டும் என்று எழுதினார். 2017 இல் பழமைவாதக் கட்சியின் ஜேக்கப் றீஸ்-மொக், பக்தியுள்ள கத்தோலிக்கர், உணவு வங்கிகளுக்கு மக்கள் மனமுவந்து கொடுப்பது உள்ளத்தை உயர்த்தும் காட்சி என்றார். கொடுப்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். வரிசையில் நிற்பவரின் பக்கத்திலிருந்து ஒருவரும் அந்தச் சொல்லைப் பாவித்து நான் கேட்டதில்லை. மார்ட்டின் லூதர் கிங் 1967 இல் நியூயோர்க்கின் றிவர்சைட் தேவாலயத்தில் கேட்டது வேறு. அடிபட்டவனைத் தூக்குவது ஆரம்பம் மட்டுமே, ஆட்கள் அடிபட்டுக்கொண்டேயிருக்கும் அந்த எரிகோ வீதியையே மாற்றியாக வேண்டும் என்றார்.

திருச்சபைகளுக்கும் பாவமன்னிப்புக் கொடுத்துவிட முடியாது. 2013 யூலையில் கன்ரபரிப் பேராயர் வெல்பி, கொடுவட்டிக் கடன் நிறுவனமான வொங்காவைத் தொழிலை விட்டே துரத்துவோம் என்று முழங்கினார். அடுத்த நாளே திருச்சபையின் சொந்த முதலீட்டில் ஒரு சிறு பங்கு சுற்றிவளைத்து அதே வொங்காவுக்குள் இருப்பது வெளிவந்தது. அவர் வெட்கப்படுகிறேன் என்றார். 2014 இல் பங்கு விற்கப்பட்டது.

ஆயினும் இதே திருச்சபை ஒருமுறை கண்ணாடி பார்த்திருக்கிறது. பேராயர் றன்சி அமைத்த ஆணைக்குழு 1985 டிசம்பரில் நகரங்களின் வறுமை பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. பெயர் வெளியிடாத ஒரு அமைச்சர் அது சுத்த மார்க்சிய இறையியல் என்று பத்திரிகைகளுக்குச் சொன்னார். அறிக்கையில் மொத்தம் 61 பரிந்துரைகள். அவற்றில் அரசுக்கும் தேசத்துக்கும் சொன்னவை 23. மீதி 38 உம் திருச்சபை தனக்குத்தானே சொன்னவை. மற்றவனுக்குச் சொல்வதைவிடத் தனக்கு அதிகம் சொல்லும் ஒரு அரசியல் அறிக்கையை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

இனி எங்கள் பக்கம். சென்ற வருடம் ஒரு தமிழ்ச் சபையில் (எது என்பது இங்கே தேவையில்லை) போதகர் சமாரியனிடம் பணம் இருந்ததைச் சொல்லி, தெசலோனிக்கேயர் வசனத்தையும் அதற்குப் பொருத்தி, அரசுப் பணத்தில் இருப்பவர்களையும் புதிதாகப் படகில் வருபவர்களையும் ஒருபிடி பிடித்தார். நாங்கள் வந்தோம், உழைத்தோம், வீடு வாங்கினோம் என்றபோது சபையில் பலர் தலையசைத்தார்கள். தலையசைத்த சிலர் 1980களில் எப்படி வந்திறங்கினார்கள், முதல் ஆறு மாதம் யாருடைய பணத்தில் சாப்பிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கும் எனக்குத் தெரியும் என்பது தெரியும். என்னோடு வேலை செய்யும் அந்தப் பெண்ணும் பின்வரிசையில் இருந்தார். அவர் தலையசைக்கவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை.

போதகருக்கு ஒரு கடிதம் எழுதினேன். வெஸ்லியின் 1753 நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தைத் தமிழாக்கி இணைத்தேன். அடுத்தமுறை லூக்கா பத்தாம் அதிகாரத்தைச் சத்திரக்காரனின் கணக்குவரை நிறுத்தாமல் வாசிக்கும்படியும், சபையின் வருடக் கணக்கில் மண்டபத் திருத்த வேலைக்கு எவ்வளவு, வறியவர்களுக்கு எவ்வளவு என்று இரண்டு தொகைகளை அறிவிக்கும்படியும் கேட்டிருந்தேன். இரண்டு கிழமையில் பதில் வந்தது. கடிதத்துக்கு நன்றி, உங்களுக்காகச் செபிக்கிறோம் என்றிருந்தது. தொகைகள் எதுவும் குறிப்பிடப்பட்டிருக்கவில்லை. மறுபடியும் எழுதியிருக்கிறேன்.